தெரியாத தாயின் பிள்ளைக்கு

(திருமங்கலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



என்னை அழைக்க வந்தவர்கள், "தாய்ப்பாலைப் பற்றி ஏதாவது பேசுங்க சார்" என்றார்கள். நான் தலைப்பைச் சொன்னதும் ஒருவர் முகம் மாறிவிட்டது. "தாய்ப்பாலையும் எய்ட்ஸையும் ஒரே வரியில நோட்டீஸ்ல போடணுமா சார்?" என்று தயங்கினார். கடைசியில் நோட்டீஸில் ‘குழந்தை நலம்’ என்று மட்டும் அச்சாகியிருக்கிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. நான் பேச வந்ததில் பாதி அந்தத் தயக்கத்தைப் பற்றியதுதான். மீதிப் பாதி, தாய்ப்பால் வழியாக வரும் எச்.ஐ.வி.யையும் அதற்குத் தேடும் தடுப்பூசியையும் பற்றியது.

1985இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து மருத்துவர் ஜான் சீக்லரும் அவருடைய குழுவினரும் லான்செட் மருத்துவ இதழில் ஒரு குறிப்பு எழுதினார்கள். ஒரு தாய்க்குப் பிரசவம் முடிந்தபின் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. வயிற்றில் பிள்ளை இருந்தவரை அவளிடம் கிருமி இல்லை, ஆகவே கருவழியாகப் போயிருக்க வழியில்லை. பிள்ளை குடித்தது தாய்ப்பால். பிள்ளைக்கும் தொற்று வந்தது. பால் வழியாகவும் இந்தக் கிருமி போகும் என்று மருத்துவ உலகம் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

சிட்னி நமக்கு எட்டாத தூரம். விருதுநகர் மாவட்டம் அப்படியல்ல. நம்மூர் நாற்கரச் சாலையில் தெற்கே வண்டியை விட்டால் அரை மணி நேரம். 2018 டிசம்பரில் அந்த மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். அந்த ரத்தத்திலும் கிருமி இருந்தது. கொடுத்தவர் ஓர் இளைஞர். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில் தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும், யாரும் கேட்காமலே தகவல் சொன்னவர் அவர்தான். அதன்பிறகுதான் எல்லோரும் பதறினார்கள். அந்த இளைஞர் சில நாட்களில் உயிரை மாய்த்துக்கொண்டார். 2019 ஜனவரி 17 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் அந்தத் தாய்க்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்றைத் தடுக்கும் நெவிரபின் மருந்து கொடுத்தார்கள். பின்னால் வந்த சோதனையில் குழந்தைக்குத் தொற்று இல்லை. அந்தக் குடும்பத்தைப் பற்றி இதற்குமேல் ஒரு வார்த்தையும் பேச எனக்கு உரிமையில்லை.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்த இளைஞர் வாய் திறக்காமல் இருந்திருந்தால்? மூன்றாம் மாதத்தில் எடுத்த எச்.ஐ.வி. சோதனை ‘இல்லை’ என்று கர்ப்பிணி அட்டையில் இருக்கும். அந்த அட்டையோடு தாய் வீடு போவாள். பிள்ளைக்குப் பால் கொடுப்பாள். புதிதாகத் தொற்றிய முதல் சில வாரங்களில்தான் ரத்தத்திலும் பாலிலும் கிருமி மிக அதிகமாக இருக்கும். அந்த வேளையில் அவளை யாரும் தேடிப்போக மாட்டார்கள். அட்டைதான் ‘இல்லை’ என்கிறதே!

ரத்தம் ஏற்றுவதால் இப்படி நேர்வது வெகு அபூர்வம். கணவன் வழியாக வருவது அபூர்வமில்லை. நம்மூர் எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்கே தெரியும். ஒரு சாலை நெல்லைக்கும் கன்னியாகுமரிக்கும், இன்னொன்று ராஜபாளையம், செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கும் பிரிகிற இடம் இது. கப்பலூர் சுங்கச்சாவடியில் ராத்திரி நின்று பார்த்தால் லாரி வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். லாரி ஓட்டுபவர்களைக் குற்றம் சொல்லி ஒரு காலத்தில் பேசியதைப் போல நான் பேசப்போவதில்லை. ‘புள்ளிராஜா’ என்ற எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் வந்த நாட்களில் டிரைவர் என்றாலே சந்தேகமாகப் பார்த்த ஊர்கள் உண்டு. பிழைப்புக்காக வீட்டைவிட்டு மாதக்கணக்கில் வெளியே இருக்கும் ஆண்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கிறார்கள், திருப்பூரில் இருக்கிறார்கள்.

ஆக, பால் வழியாகத் தொற்று எவ்வளவு போகிறது? மருந்தே இல்லாத காலத்தில், தொற்றுள்ள நூறு தாய்மார்களின் பிள்ளைகளில் 15 முதல் 45 பிள்ளைகள் வரை தொற்றுக்கு ஆளாயின. கரு, பிரசவம், பால் என்ற மூன்று வழியும் சேர்ந்த கணக்கு இது. பாலுக்கு மட்டும் 5 முதல் 20 வரை. இதைக் கேட்டதும் பயம் வரும். அதே கணக்கை இப்படித் திருப்பிப் பாருங்கள்: பச்சைப் பிள்ளை ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் வரை குடிக்கிறது. கென்யாவில் நடந்த ஓர் ஆய்வு, ஒரு லிட்டர் பாலுக்குத் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று கணக்கிட்டது. மாதக்கணக்கில் கிருமியுள்ள பாலைக் குடித்தும் பெரும்பாலான பிள்ளைகள் தப்பிக்கின்றன. ஏனென்றால் அந்தப் பாலிலேயே காவலும் இருக்கிறது. தாயின் எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றன. டெனாசின்-சி என்றொரு புரதம் எச்.ஐ.வி.யைப் பிடித்து முடக்குகிறது என்று 2013இல் ஆய்வாளர் சாலி பெர்மார் குழுவினர் காட்டினார்கள். நஞ்சும் மருந்தும் ஒரே மடியில் சுரக்கிற விசித்திரம் இது.

இங்கே நம் வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளை பிறந்ததும் நம் பக்கம் என்ன செய்வோம்? குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டுச் சர்க்கரைத் தண்ணீரில் விரலைத் தோய்த்து நாக்கில் வைக்கச் சொல்வோம். சேனை வைப்பது. பிறகு உரைகல்லை எடுத்து வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், சுக்கு எல்லாவற்றையும் இரண்டு இரண்டு உரைப்பு உரைத்து, பாலாடையில் கலந்து புகட்டுவோம். வயிறு பொருமினால் ஓமத் தண்ணீர். கழுதைப்பால் கொடுத்தால் சீக்கு அண்டாது என்று தெருவில் கழுதையை ஓட்டிவருபவரிடம் பாலாடையை நீட்டிய பாட்டிகளை நானே பார்த்திருக்கிறேன். பாசத்தில் செய்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் 1999இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அன்னா கூட்சூடிஸ் என்ற ஆய்வாளர் ஒன்றைக் கண்டுபிடித்தார். தாய்ப்பாலை மட்டும் குடித்த பிள்ளைகளைவிட, தாய்ப்பாலோடு தண்ணீர், கஞ்சி, வேறு பால் என்று கலந்து குடித்த பிள்ளைகளுக்குத்தான் தொற்று அதிகம். வேறு பொருள் உள்ளே போனால் பிஞ்சுக் குடலின் உள்தோல் புண்ணாகிறது, புண்ணில் கிருமி நுழைகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். தமிழ்நாட்டில் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளைகள் பாதிக்குச் சற்று மேல்தான் என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மருத்துவமனைப் பிரசவம் ஏறக்குறைய நூற்றுக்கு நூறு. பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்தாலும் உரைகல் வீட்டில் காத்திருக்கிறது.

"அப்படியானால் பாலே வேண்டாம், புட்டிப்பால் கொடுத்துவிட்டால் போகிறது" என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. போட்ஸ்வானா நாடு அரசுச் செலவில் பால்பவுடர் கொடுத்தது. 2006இல் பெருமழை. தண்ணீர் கெட்டது. வயிற்றுப்போக்கில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இறந்தன. இறந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை தாய்ப்பால் குடிக்காதவை. கிருமிக்குப் பயந்து பாலை நிறுத்தியதில் தண்ணீர் கொன்றது.

இன்னொன்று, புட்டி ஒரு குறி. நம் தெருவில் ஒரு பெண் பிள்ளைக்குப் பால் கொடுக்காவிட்டால் எத்தனை பேர் கேட்பார்கள்! "ஏன் பால் ஊறலையா? டாக்டர்கிட்டக் காட்டினியா? பூண்டு சாப்பிடு, சுறாப்புட்டு சாப்பிடு." ஒரு வாரம் கேட்டபிறகு குரல் தாழும். பிறகு கிசுகிசுப்பு வரும். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வைத்தியத்துக்கு வந்த ஒரு சின்னப் பெண் பையிலிருந்து எச்.ஐ.வி. மாத்திரை டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்தால் உள்ளே பஞ்சு. டப்பா நிறையப் பஞ்சை அடைத்து நடுவில் மாத்திரையைப் புதைத்திருந்தாள். நடக்கும்போது குலுங்கிச் சத்தம் வந்தால் மாமியார் என்ன மாத்திரை என்று கேட்பாராம். எவ்வளவோ ஆய்வுக் கட்டுரைகள் படித்திருக்கிறேன். அந்தப் பஞ்சு சொன்னதை எந்தக் கட்டுரையும் எனக்குச் சொல்லவில்லை.

மருந்துகள் வந்த கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும்தான் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அந்த ரத்த மாதிரிகளைச் சோதித்தது வேலூர் சி.எம்.சி. 1994இல் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாடு தனி எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைத்தது. 2001 வாக்கில் நம் மாநிலக் கர்ப்பிணிகளில் நூறில் ஒருவருக்குத் தொற்று என்ற நிலை. 2002இல் தாய்க்கும் சேய்க்கும் ஒரு வேளை நெவிரபின் கொடுக்கும் திட்டம் வந்தது. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து வந்தது, தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை அதன் முதல் மையங்களில் ஒன்று. 2014 முதல் தொற்றுள்ள ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஆயுள் முழுக்க மருந்து. பலன் என்ன? ஆப்பிரிக்க நாடுகளிலும் நம் புனேயிலும் நடந்த ‘பிராமிஸ்’ ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. தாய் மருந்து சாப்பிட்டாலும் சரி, பிள்ளைக்குத் தினமும் நெவிரபின் கொடுத்தாலும் சரி, பால் வழித் தொற்று ஆயிரத்தில் ஆறு அளவுக்கு இறங்கியது. பக்கத்து இலங்கை, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று பெற்றது.

அப்படியிருக்க, இவ்வளவு நல்ல மருந்து கையில் இருக்கும்போது பிள்ளைக்கு எச்.ஐ.வி. தடுப்பூசி என்ற ஒன்றைத் தேடுவது எதற்கு? நல்ல கேள்வி. என் பதில் ஒரே வரி. மருந்து, தனக்குத் தொற்று இருப்பது தெரிந்த தாயின் பிள்ளையைக் காக்கிறது. தடுப்பூசி, தெரியாத தாயின் பிள்ளைக்காக. தெரிந்தும் மாத்திரையை விட்டுவிட்ட தாயின் பிள்ளைக்காகவும்தான். பேறுகாலத்துக்குத் தாய் வீடு போனவள் மாதாமாதம் மதுரைக்கு வந்து மருந்து வாங்க என்ன காரணம் சொல்லிவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்புவாள்? 2023இல் உலகில் சுமார் 1,20,000 குழந்தைகளுக்குப் புதிதாகத் தொற்று வந்ததாக ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு மதிப்பிட்டது. மருந்து கண்டுபிடிக்காததால் வந்த தொற்றுகள் அல்ல அவை.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைப் பாருங்கள். பிள்ளை பிறந்து 24 மணி நேரத்துக்குள் செவிலியர் ஒரு ஊசி போடுகிறார். தாயிடமிருந்து சேய்க்கு வரக்கூடிய மஞ்சள்காமாலைக் கிருமியைத் தடுக்கும் ஊசி அது. யாராவது "என் பிள்ளைக்கு ஏன் போடுறீங்க? எனக்கென்ன சீக்கா?" என்று சண்டை போட்டதுண்டா? கிடையாது. எல்லாப் பிள்ளைக்கும் போடுகிறார்கள், அதனால் எந்தத் தாய்க்கும் அது குறியாவதில்லை. எச்.ஐ.வி.க்கும் இப்படி ஒன்று வந்தால் பஞ்சுக்கு வேலை இருக்காது.

வரவில்லை என்பதுதான் இன்றைய உண்மை. ஏன் வரவில்லை என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இந்தத் தடுப்பூசித் தேடலில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 2006 தொடக்கத்தில் சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில், நம் நாட்டில் அதிகம் பரவியிருக்கும் சி வகை எச்.ஐ.வி.யை மனத்தில் வைத்துச் செய்த ஒரு தடுப்பூசியை 32 பேருக்குப் போட்டுப் பார்த்தார்கள். அம்மை குத்தும் கிருமியைப் பலவீனப்படுத்தி, அதன் முதுகில் எச்.ஐ.வி.யின் சில துண்டுகளை ஏற்றிய ஊசி. நல்ல உடல்நலமுள்ள பெரியவர்கள் முன்வந்து கை நீட்டினார்கள். யார் என்று ஊருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மாலை போட்டு ஊர்வலம் விட்டிருக்க வேண்டும். ஊசியால் ஆபத்தில்லை, எதிர்ப்பும் கொஞ்சம் உண்டானது. ஆனால் நோயைத் தடுக்கும் அளவுக்கு அதை மேலே கொண்டுபோக முடியவில்லை.

பிள்ளைகளுக்கான சோதனைகள் ஆப்பிரிக்காவில் நடந்தன. உகாண்டாவின் கம்பாலாவில் தொற்றுள்ள தாய்மார்களின் 60 பிள்ளைகள், பிறந்ததிலிருந்தே. நைரோபியில் ஐந்து மாதப் பிள்ளைகள். இரண்டிலும் தீங்கில்லை, பலனும் போதவில்லை. பெரியவர்களுக்கான ஆய்வுகளோ ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. 2009இல் தாய்லாந்தில் 16,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனையில் 31 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது. அதன் அடுத்த வடிவத்தை 2020 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவில் பலனில்லை என்று நிறுத்தினார்கள். இந்தக் கிருமி நாளுக்கு நாள் சட்டையை மாற்றிக்கொள்கிறது. நேற்றைய அடையாளத்தை வைத்து இன்று பிடிக்க முடிவதில்லை.

இந்த இடத்தில்தான் கைக்குழந்தைகள் எங்களையெல்லாம் வாயடைக்க வைத்தன. பச்சைப் பிள்ளையின் எதிர்ப்பாற்றல் விவரமறியாதது, எதையும் சகித்துக்கொண்டு போவது என்றுதான் எங்களுக்குப் பாடம். ஆனால் நைரோபிப் பிள்ளைகளின் பழைய ரத்த மாதிரிகளை ஆராய்ந்த ஆய்வாளர் ஜூலி ஓவர்பா குழுவினர் 2014இல் வேறு சொன்னார்கள். கிருமி எத்தனை சட்டை மாற்றினாலும் பிடிக்கக்கூடிய பரந்த எதிர்ப்புப் புரதங்கள் பெரியவர்களிடம் உருவாக ஆண்டுக்கணக்கில் ஆகும், அதுவும் சிலரிடம் மட்டும்தான். தொற்றுக்கு ஆளான பிள்ளைகளிடமோ அவை தொற்றி ஓராண்டை ஒட்டியே தென்பட்டன. இன்னொரு கதையும் உண்டு. 1990களில் அமெரிக்காவில் சில பிள்ளைகளுக்கு ஒரு பழைய தடுப்பூசி போட்டு, பெரிய பலனில்லை என்று மாதிரிகளைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டார்கள். இருபது ஆண்டு கழித்து எடுத்துப் பார்த்தால், தாய்லாந்து ஆய்வில் பாதுகாப்போடு தொடர்புடையதாகக் கண்ட அதே வகைப் புரதம் அந்தப் பிள்ளைகளிடம் தாராளமாக இருந்திருக்கிறது. தூக்கிப்போடாமல் வைத்திருந்த அந்த ஆய்வகத்துக்காரர் யாரென்று தெரிந்தால் கும்பிடலாம்.

அதனால் இன்று பலரின் எண்ணம், இந்தத் தடுப்பூசியைப் பிள்ளைப் பருவத்திலேயே படிப்படியாகப் பழக்க வேண்டும் என்பது. அரிச்சுவடியில் தொடங்கி வகுப்பு வகுப்பாக ஏற்றுவதுபோல. தென்னாப்பிரிக்காவின் சோவெட்டோவில் பிறந்து ஐந்து நாளுக்குள் முதல் ஊசி போட்டு ஒரு சிறு சோதனை நடந்தது. ஊசி பாடம் சொல்லிக்கொடுத்து முடியும்வரை பிள்ளைக்குக் காவல் வேண்டுமே? அதற்கு இரவல் காவல். வி.ஆர்.சி.01 என்ற ஆயத்த எதிர்ப்புப் புரதத்தைப் பிறந்த சில நாளுக்குள் தோலுக்கடியில் செலுத்தி, பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு முறை தொடர்ந்தார்கள். தீங்கில்லை என்று 2020இல் அறிக்கை வந்தது. நாய் கடித்தவருக்கு ஊசியோடு காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்து போடுவோமே, அந்த வழிதான் இது. என்ன, விலைதான் நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இன்னும் கட்டாது.

நம்மூரில் நாளை இப்படி ஒரு சோதனை வந்தால் என்ன சிக்கல் வரும் என்பதையும் நினைத்துப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளிடம் தடுப்பூசிச் சோதனை நமக்குப் புதிதில்லை. ரோட்டாவைரஸ் சொட்டு மருந்துக்கு வேலூர்த் தாய்மார்கள் பிள்ளைகளைத் தந்தார்கள், அதனால் இன்று நாடு முழுக்கச் சொட்டு கிடைக்கிறது. எச்.ஐ.வி. விஷயம் அப்படியல்ல. தொற்றுள்ள தாயின் பிள்ளைக்குத் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் 18 மாதம் வரை ரத்தத்தில் இருக்கும். சாதாரணச் சோதனை செய்தால் தொற்று இல்லாத பிள்ளைக்கும் ‘உண்டு’ என்று காட்டும். அதனால்தான் ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி, அட்டையில் சொட்டு ரத்தம் தோய்த்து, கிருமியையே தேடும் சோதனைக்கு அனுப்புகிறோம். தடுப்பூசி போட்ட பிள்ளையின் ரத்தமும் பின்னாளில் இதேபோல் பொய் சொல்லக்கூடும். இருபது வயதில் வேலைக்கோ கல்யாணத்துக்கோ ரத்தம் கொடுக்கும்போது ஒரு தவறான காகிதம் வந்தால், அதை விளக்கிச் சொல்ல அன்று யார் இருப்பார்கள்? விஞ்ஞானிகள் இதற்கு வேறு சோதனை உண்டு என்பார்கள். உண்டு. ஆனால் காகிதம் முதலில் வரும், விளக்கம் பிறகுதான் வரும். தகப்பன் கையெழுத்து வேண்டுமா, தாய் கையெழுத்து மட்டும் போதுமா என்ற கேள்வியும் நிற்கிறது. தாய் மட்டும் போதும் என்பது என் கட்சி.

பணமும் குறைகிறது. 2025இல் அமெரிக்கா தன் உதவிகளை வெட்டியபோது தென்னாப்பிரிக்காவின் தடுப்பூசி ஆய்வுகள் பாதியில் நின்றன. அதே ஆண்டில் நல்ல செய்தியும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டால் தொற்றைத் தடுக்கும் லெனகாபவிர் ஊசியை, ஆண்டுக்கு சுமார் 40 டாலர் விலையில் 2027 முதல் பல நாடுகளுக்குத் தர ஹைதராபாத் நிறுவனங்கள் இரண்டு ஒப்புக்கொண்டன. தாயையே தொற்றாமல் காத்தால் பாலும் சுத்தம்தானே. அது தடுப்பூசி அல்ல, மருந்துதான், நிறுத்தினால் காவலும் போய்விடும். இருந்தாலும் பஞ்சடைத்த டப்பாவைவிட மேல்.

தோப்பூரில் எய்ம்ஸ் வருகிறது என்று 2019இலிருந்து பேசுகிறோம். அங்கே ஒரு நாள் இந்தச் சோதனை நடக்கலாம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நம் வீடுகளில் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு வைத்துப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புகிறோம். வளையல் கடைக்குப் போவதற்கு முந்தின நாள், புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்குப் போய் இன்னொரு முறை ரத்தம் கொடுங்கள். முதல் சோதனை ‘இல்லை’ என்று இருந்தாலும் கொடுங்கள். அவளை மட்டும் அனுப்பாதீர்கள் தம்பி, நீங்களும் போங்கள். காசு வாங்க மாட்டார்கள். முடிவை வெளியே சொல்ல 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடை போடுகிறது. சந்தேகம் இருந்தால் 1097க்குப் பேசுங்கள், அதற்கும் கட்டணமில்லை.